ஆறாம் அத்தியாயம்: இறங்கிய இடத்தாலேயே ஏற வேண்டும்

சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனத்தின் மலைச்சைக்கிள் விதிகளுக்குள் ஒரு சின்ன விதி இருக்கிறது. ஓட்டக்காரர் எந்தக் காரணத்தாலாவது தடத்தை விட்டு வெளியே போனால், வெளியேறிய அதே இடத்தாலேதான் திரும்ப உள்ளே வரவேண்டும். யாரும் குறுக்கால் வந்து நேரத்தை மிச்சம் பிடிக்கக்கூடாது என்பதற்காக எழுதப்பட்டது அது. வேறு நாடுகளில் அதை மீறினால் தண்டனை கிடைக்கும், மிஞ்சிப்போனால் போட்டியிலிருந்து நீக்குவார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் படத்தை எடுத்து, கடற்கரை நாகர்கோவிலிலிருந்து முகமாலை வழியாகக் கிளாலி வரை ஒரு கோடு கீறிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்த பிறகு, போர் முடிவுக்கு வருகிற காலம் வரை முன்னரங்கு அந்தக் கோட்டில்தான் நின்றது. இரண்டு பக்கமும் மிதிவெடிகளைப் புதைத்தார்கள். வெடியகற்றும் பணியாளர்கள் முழங்காலில் இருந்து, மண்ணைக் கையால் சுரண்டிச் சுரண்டி, பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அவர்களில் பலர் இந்த ஊர்களின் பெண்கள், குடும்பத்தைத் தனியே சுமக்கிறவர்கள். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி நாட்டை முழுக்கத் துப்புரவாக்கக் கிடைத்த தவணை 2028 யூன். இதை எழுதுகிற இன்றைக்கும் முகமாலைப் பக்கத்தில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நிற்கின்றன.

அதனால்தான் தலைக்கவசத்தைப் பற்றிச் சொல்ல முன்னமே இந்த விதியைச் சொல்கிறேன். தடத்தை விட்டு இறங்கக்கூடாது. இறங்கிவிட்டால் இறங்கிய இடத்தாலேயே ஏறவேண்டும். சிறுநீர் கழிக்க, நிழலில் இருக்க, படம் எடுக்க, விழுந்த போத்தலை எடுக்க என்று எந்தச் சாட்டும் இதற்கு விலக்கல்ல.

தடமும் நிறமும்

மலையே இல்லாத ஊரில் மலைச்சைக்கிள் எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. குடாநாடு சுண்ணக்கல் தட்டையான நிலம்தான், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மணற்காட்டு மணல்மேட்டில் ஒரு கிலோமீற்றர் மிதித்துப் பாருங்கள். பின்சில்லு ஒரு சாண் புதையும். முன்சில்லு தான் நினைத்த பக்கம் போகும். வலிகாமத்துச் செம்பாட்டு ஒழுங்கைகள் மழைக்குச் சேறாகி ரயரில் அப்பிக்கொள்ளும், கோடைக்குக் கல்லாக இறுகும். வல்லை வெளியில் சோளகக் காற்று எதிர்த்து நின்றால் அதுவே ஒரு மலை. சர்வதேச விதிப்படி மலைச்சைக்கிள் மரதன் ஓட்டம் 60 கிலோமீற்றருக்குக் குறையக்கூடாது, 160ஐத் தாண்டக்கூடாது. இந்த மண்ணில் 60 போதும் என்பது என் எண்ணம். இலங்கையில் 2014இல் தொடங்கிய 'ரம்பிள் இன் த ஜங்கிள்' போட்டி மலையும் காடுமாக நான்கு நாள் ஓடிய ஓட்டம். அதை அப்படியே இங்கே பெயர்த்து நடத்த நினைக்க வேண்டாம். நமக்கு நமது மணலும் காற்றும் இருக்கின்றன.

தடம் போடுகிறவர்களுக்கு முதல் வேலை, வரைபடத்தை மூடிவைத்துவிட்டுக் கிராம சேவையாளரிடம் போவது. அடுத்தது பொலிஸ், பிரதேச சபை, கடற்றொழிலாளர் சங்கம். கோயில், தேவாலய நிர்வாகங்களையும் மறக்கக்கூடாது. இத்தனை பேரும் சம்மதித்த பிறகு, அந்த ஊரில் மாடு மேய்க்கிற ஒருவரோடு தடம் முழுவதையும் நடக்க வேண்டும். நான் நாகர்கோவிலுக்குத் தெற்கே முதன்முறை தடம் பார்க்கப் போனபோது நல்ல அகலமான வண்டிப்பாதை ஒன்று பற்றைக்குள் திரும்பிப் போனது. கைபேசிப் படத்திலும் அது பாதையாகவே தெரிந்தது. ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு நின்ற ஒரு அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அங்காலை இறங்காதையுங்கோ. உது இன்னும் துப்புரவாக்கேல்லை" என்றார். பலகை ஒன்றும் கண்ணில் படவில்லை. மழை வெள்ளத்தில் சாய்ந்து பற்றைக்குள் கிடந்ததைப் பிறகுதான் கண்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு கட்டுப்பாடு: ஊர்ச்சனம் நாளாந்தம் நடக்கிற, சைக்கிள் ஓடுகிற, மாடு போகிற பாதையில் மட்டுமே தடம். மழைக்குப் பிறகு அதையும் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். வெள்ளம் மணலை அரிக்கும், மணலுக்குள் கிடப்பதையும் கொண்டுவரும்.

குறியீட்டு நாடாவின் நிறத்தைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் மலிவாகக் கிடைப்பது சிவப்பும் வெள்ளையும் கலந்த நாடா. குடாநாட்டில் அதைக் கையால் தொடவேண்டாம். வெடியகற்றும் இடங்களில் சிவப்பு என்றால் ஆபத்துப் பக்கம், வெள்ளை என்றால் துப்புரவான பக்கம். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஓட்டத்துக்காக நாங்கள் அதே நிறத்தைக் கட்டி, "இந்தச் சிவப்புக்குப் பக்கத்தால் ஓடு" என்று சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு அந்தப் பிள்ளை எந்தச் சிவப்பை நம்பும்? நீலம் பாவியுங்கள். இருநூறு மீற்றருக்கு ஒன்று நேர்ப்பாதையில், ஒவ்வொரு முடக்கிலும் முன்னுக்கு ஒன்று, திரும்பியபின் ஒன்று. பிரிகிற பாதையின் வாயில் குறுக்காகவும் ஒன்று கட்டவேண்டும். ஐந்து நிமிடம் ஓடியும் நீல நாடா கண்ணில் படவில்லை என்றால் ஓட்டக்காரர் நிற்கவேண்டும், தன் சில்லுத் தடத்தைப் பார்த்தபடி திரும்பவேண்டும்.

தவறிப்போய்ப் பற்றைக்குள் வந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலோ, தெரியாத உலோகத்தையோ மரப்பெட்டி போன்ற ஒன்றையோ கண்டாலோ செய்யவேண்டியது இதுதான். நில்லுங்கள். சைக்கிளைச் சரித்துப் போடாமல் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். பின்னால் வருகிறவருக்குக் கேட்கும்படி சத்தம் போடுங்கள். வந்த தடம் மணலில் தெளிவாகத் தெரிந்தால் அதன்மேலேயே அடியெடுத்துத் திரும்புங்கள். தெரியாவிட்டால் அசையவேண்டாம், ஆள் வரும் வரை அங்கேயே நில்லுங்கள். கண்ட பொருளைத் தொடுவது, கல்லால் எறிந்து பார்ப்பது, அடையாளத்துக்கு என்று தடியால் தட்டுவது எதுவும் கூடாது. ஒருவர் காயப்பட்டுவிட்டாலும் மற்றவர்கள் அவரிடம் ஓடிப்போகக்கூடாது. இதைச் சொல்வது சுலபம், கூட்டாளி கிடந்து முனகும்போது செய்வது மிகக் கடினம் என்று தெரியும். அதனால்தான் போட்டிக்கு முதல்நாள் கூட்டத்தில் இதை வாயால் சொல்லவைத்து, ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்குகிறேன். சொல்லத் தெரியாதவருக்கு இலக்கத் தகடு கொடுப்பதில்லை.

பதிவும் பொருட்களும்

பதிவுத் தாளில் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், குருதி வகை, வீட்டிலிருந்து தொலைபேசி எடுக்கக்கூடிய ஒருவரின் இலக்கம் ஆகியவை இருக்கவேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு நெடுந்தூர ஓட்டம் வேண்டாம். பெற்றார் கையெழுத்து வைத்தாலும் வேண்டாம். நெஞ்சு நோ, மயக்கம், வலிப்பு, நீரிழிவு இருப்பவர்கள் வைத்தியரைக் கண்டுவிட்டு வரவேண்டும். வருத்தத்தை மறைத்து ஓடுவதில் ஒரு வீரமும் இல்லை.

தலைக்கவசம் இல்லாமல் பயிற்சிக்குக்கூட இறங்கக்கூடாது. தாடைப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழையுமளவு இறுக்கம் சரி. ஒருமுறை விழுந்து அடிபட்ட தலைக்கவசத்தை, வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள். அண்ணன் கொடுத்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது என்று வைத்திருக்காதீர்கள்.

முன்பிரேக், பின்பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும். கைபிடி முனைகளில் மூடி இருக்கவேண்டும். மூடியில்லாத குழாய் முனை விழுகிறவரின் வயிற்றைத் துளைக்கும். மணி கட்டாயம். பந்தயச் சைக்கிளுக்கு மணி எதற்கு என்று இளம் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடுபவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம்.

கொண்டுபோக வேண்டியவை: இரண்டு ரியூப், பம், ஒட்டுத்துண்டு, செயின் வெட்டி, அலன் சாவிகள், இரண்டு லீற்றர் தண்ணீர், விசில், கைபேசி, சுற்றுத்துணி. இரண்டு ரியூப் என்பது எங்கள் மண்ணின் கணக்கு. நெருஞ்சியும் உடைமுள்ளும் ஒரே நாளில் இரண்டு தரம் குத்தாமல் விடா. பழைய முட்கம்பித் துண்டுகளும் வேலியோரங்களில் கிடக்கும். பனங்கூடலுக்குள் போனால் விழுந்து கிடக்கிற மட்டையின் கருக்கைப் பாருங்கள். அரிவாள் மாதிரி ரயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும், கணுக்காலையும் விட்டுவைக்காது. மணல் வருமுன் ரயரில் காற்றைக் குறையுங்கள். பெருவிரலால் அழுத்தினால் நன்றாக அமுங்கவேண்டும். தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப அடியுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போனவர்கள் மணலில் அரை மணித்தியாலம் சைக்கிளைத் தள்ளியிருக்கிறார்கள்.

ஒழுங்கையில் யாருக்கு வழி?

குடாநாட்டு ஒழுங்கையைத் தெரியாதவருக்கு ஒன்று சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வேலி. கிடுகு, பனையோலை, இப்போது கூடுதலாகத் தகரமும் மதிலும். முடக்குக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணால் காண வழியில்லை. விடியற்புறம் அந்த முடக்கால் வருகிறவர் முட்டியோடு சீவப் போகிறவராக இருக்கலாம், மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிளாக இருக்கலாம், தேவாரம் முணுமுணுத்தபடி கோயிலுக்குப் பூக்கொண்டு போகிற ஆச்சியாக இருக்கலாம். ஒவ்வொரு முடக்கிலும் மணி அடித்து, கால்நடையாகப் போகிற வேகத்துக்கு இறங்கி, இடது ஓரமாகத் திரும்பவேண்டும். மணி கட்டாயம் என்று சொன்னது இதற்குத்தான். ஒழுங்கை அவர்களுடையது. ஒரு நாள் காலை எங்களுக்கு இரவல் தந்திருக்கிறார்கள்.

வேகமாக வருகிறவருக்கு மெதுவாக ஓடுகிறவர் வழிவிடவேண்டும் என்பது எல்லா மலைச்சைக்கிள் போட்டிகளிலும் உள்ள பொது விதி. முந்துகிறவர் "வலம்" என்றோ "இடம்" என்றோ குரல் கொடுத்து, முன்னால் ஓடுகிறவர் கேட்டுக்கொண்ட பிறகே முந்தவேண்டும். மணலில் ஒற்றைத் தடம் மட்டும் இறுகிக் கிடக்கும். அங்கே முந்துகிறவர்தான், பாதைக்குள்ளேயே, இளகிய மணலுக்குள் இறங்கவேண்டும். முன்னால் போகிறவரைத் தள்ளி இறக்கக்கூடாது. முகமாலைக் கோட்டுக்குப் பக்கத்தில் முந்துவதே தடை. அந்தப் பகுதியின் இரண்டு முனையிலும் நேரத்தை எழுதி, இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். அப்போது அவசரப்பட ஒருவருக்கும் காரணம் இராது.

செத்தவீட்டு ஊர்வலம் எதிரே வந்தால் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, கடந்து போகும்வரை நிற்கவேண்டும். அந்த நேரத்தையும் கழிக்கலாம், அடுத்த இடை நிலையத்தில் சொல்லுங்கள். கட்டாக்காலி மாடுகளுக்குப் பின்பக்கமாகப் போங்கள். நாய் துரத்தினால் மிதிப்பதை நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் பிடித்துக்கொண்டு நடவுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற நீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போட்டி முடியட்டும் என்று இருக்கக்கூடாது.

2014இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அதோடு புகையிரதக் கடவைகளும் வந்தன. ஒரு தலைமுறை ரயிலே காணாமல் வளர்ந்த இடம் இது. பாதுகாப்பற்ற கடவையில் எத்தனையோ பேரை இழந்திருக்கிறோம். கடவை எதுவானாலும், கதவு திறந்திருந்தாலும், ஓட்டக்காரர் இறங்கி, ஒரு கால் நிலத்தில் ஊன்றி, இரண்டு பக்கமும் பார்த்து, உருட்டிக்கொண்டு கடக்கவேண்டும். ஏறியபடி கடந்தவருக்கு எச்சரிக்கை கிடையாது. நேரே நீக்கம்தான்.

கரைவலைக் கயிறு

வடமராட்சி கிழக்குக் கரையோரம் ஓடுகிற அழகு வேறெங்கும் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்கு, ஈர மணல் சிமெந்துத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். அந்த அழகில்தான் ஆபத்து இருக்கிறது. கரைவலை இழுக்கிற நேரம் கடலுக்குள்ளிருந்து வருகிற கயிறு கரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலே போகும். உழவு இயந்திரத்தில் பூட்டி இழுக்கும்போது அது மணலோடு கிடக்கும், பிறகு விண் என்று எழும்பி இடுப்பளவில் நிற்கும், திரும்பத் தளரும். மணல் நிறக் கயிறு, மணல் நிறக் கரை, கண்ணில் வெயில். இருபது அடிக்கு வரும்வரை எனக்கே தெரியாமல் போன நாள் உண்டு. தூரத்தில் உழவு இயந்திரமோ ஆட்களின் கூட்டமோ தெரிந்தவுடனே இறங்குங்கள். அங்கே நிற்கிற சம்மாட்டியையோ தொழிலாளியையோ பார்த்து, "ஐயா, கடக்கலாமோ?" என்று கேளுங்கள். அவர் கையைக் காட்டினால் கயிற்றுக்கு மேலால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போங்கள். இறுகியிருக்கிற கயிற்றுக்குக் கீழே ஒருபோதும் குனிந்து போகவேண்டாம். காயப்போட்டிருக்கிற வலைமேலும் கருவாட்டுப் பாய்மேலும் ஒரு சில்லும் ஏறக்கூடாது. அந்த நட்டத்தைப் பதக்கத்தால் ஈடுசெய்ய முடியாது.

சுண்டிக்குளம் 1938இலிருந்து பறவைகள் சரணாலயம். 2015இல் தேசிய பூங்காவாயிற்று. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி அதற்குள் போகமுடியாது. பூநாரைகள் வந்து நிற்கிற காலத்தில் நூறு சைக்கிள்களை அந்தப் பக்கம் அனுப்புவது சரியுமல்ல. மருதங்கேணியோடு திரும்புங்கள்.

தென்னாபிரிக்காவின் கேப் எபிக் ஓட்டம் 2004இலிருந்து சோடி சோடியாக நடக்கிறது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிரியக்கூடாது. நான் எங்கேயிருந்தாவது ஒரு விதியை இரவல் வாங்குவதானால் அதைத்தான் வாங்குவேன். மணற்காட்டுக்கும் மருதங்கேணிக்கும் இடையில் கைபேசிச் சமிக்ஞை அறுந்து அறுந்து வருகிற இடங்கள் உண்டு. தனியே ஓடுகிறவர் விழுந்தால் கேட்க ஆளில்லை. சோடியாக ஓடினால் ஒருவர் காயப்பட்டவரோடு நிற்க முடியாமல் போகலாம் என்றாலும், யார் எங்கே விழுந்தார் என்ற செய்தியாவது வந்து சேரும்.

வெயிலும் தண்ணீரும்

மாரி ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பர் வரை பெய்யும், அந்த நாட்களில் புயலும் வரும். சோளகம் மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. பெப்ரவரி, மார்ச்சின் முற்பகுதி ஓட்டத்துக்கு நல்லது. காலை ஐந்தரைக்குத் தொடங்கி, பதினொரு மணிக்கு எல்லோரையும் தடத்திலிருந்து எடுத்துவிடவேண்டும். அமெரிக்காவின் லெட்வில் நூறு மைல் ஓட்டத்தில் பன்னிரண்டு மணித்தியாலம் கொடுக்கிறார்கள், ஆனால் அங்கே மலைக்குளிர். இங்கே பத்து மணிக்குப் பிறகு மணல் கீழிருந்து சுடும். ஒவ்வொரு நிலையத்துக்கும் கடைசி நேரம் எழுதி ஒட்டுங்கள். ஒரு நிமிடம் பிந்தி வந்தவரையும் நிறுத்துங்கள். அழுது கேட்பார்கள். இரங்காதீர்கள்.

இடை நிலையங்களுக்கு சோதனைச் சாவடி என்ற சொல்லைப் பாவிக்க எனக்கு மனமில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் எத்தனை தரம் சைக்கிளை விட்டு இறங்கி நின்றிருக்கிறோம்! தண்ணீர்ப்பந்தல் என்போம். கோயில் திருவிழாவில் வழிப்போக்கருக்கு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்கிற பந்தல்தான் இது. பதினைந்து கிலோமீற்றருக்கு ஒன்று, மணற்பகுதியில் எட்டுக்கு ஒன்று. உப்புப் போட்ட மோர், ஜீவனி, வாழைப்பழம், பனங்கட்டித் துண்டு, அவித்த மரவள்ளி இருந்தால் போதும். வெளிநாட்டுச் சக்திக் கூழ்ப் பைக்கற்றுகளைவிட ஒரு குட்டான் பனங்கட்டி வயிற்றுக்கு இதம், உறையும் குப்பையாகாது. பொலித்தீன் உறையைத் தடத்தில் எறிந்தவர் நீக்கப்படுவார்.

வழியில் கிணற்று நீரை நம்பி வரக்கூடாது. கடலோரக் கிணறுகள் பல உவர். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று கலந்திருப்பது பழைய பிரச்சினை. தாளையடியில் 2024 ஓகஸ்டில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தது ஏன் என்று நினைத்துப் பார்த்தாலே இந்த மண்ணின் தண்ணீர்க் கஷ்டம் விளங்கும். ஊரவர் குடிக்கிற கிணறு என்று அவர்களே காட்டினால் குடிக்கலாம். வெறும் தண்ணீரையே லீற்றர் கணக்கில் குடிப்பதும் ஆபத்துத்தான். உடம்பில் உப்புக் குறைந்து தலையிடி, ஓங்காளம், குழப்பம் வரும். தாகத்துக்குக் குடியுங்கள், இடையிடையே ஜீவனியோ உப்பு மோரோ எடுங்கள்.

வெப்பத்தாக்கத்தை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தண்ணீர்ப்பந்தலில் நிற்கிறவர்தான். ஓட்டக்காரரிடம் பெயரும் இலக்கமும் கேளுங்கள். சொல்லத் தடுமாறினால், கால் பின்னினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், வியர்வை ஓடிக்கொண்டிருந்தாலும் அது வெப்பத்தாக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, நனைத்த சாரத்தால் மூடி, விசிறுங்கள். கிணற்றடி பக்கத்தில் இருந்தால் வாளி வாளியாக ஊற்றுங்கள். அதேநேரம் ஒருவர் 1990க்கு அழைக்கட்டும். குளிரவைக்கும் வேலையை அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக்கூடாது. நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் ஒன்றும் பருக்கவேண்டாம்.

விழுந்தால், கடித்தால்

1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. பொலிஸுக்கு 119. இந்த இரண்டு இலக்கமும் இலக்கத் தகட்டின் பின்பக்கம் அச்சிடப்பட்டிருக்கவேண்டும். வடமராட்சிப் பக்கம் என்றால் மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை, தென்மராட்சி என்றால் சாவகச்சேரி, வலிகாமம் வடக்கு என்றால் தெல்லிப்பழை, பெரிய காயம் என்றால் யாழ். போதனா வைத்தியசாலை. தடத்தின் எந்தப் பகுதியிலிருந்து எந்த ஆஸ்பத்திரி என்பதை முதலே எழுதிவைத்து, அம்புலன்ஸ் ஏறமுடியாத மணற்பகுதிக்கு உழவு இயந்திரம் ஒன்றைப் பேசி நிறுத்துங்கள்.

தலைக்கவசம் வெடித்த ஓட்டக்காரர், "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழும்பி நின்றாலும், அவருடைய ஓட்டம் அங்கே முடிந்தது. மறுபேச்சில்லை. தோளெலும்பு முறிந்தவர் கையை நெஞ்சோடு சேர்த்துச் சுற்றுத்துணியால் கட்டி உட்காரவேண்டும்.

புடையனும் சுருட்டையும் இந்த மண்ணில் உண்டு. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, கடிவாயைக் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், ஆஸ்பத்திரிக்கு. பாம்பை அடித்துக் கொண்டுபோக நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

விலகுகிறவர்

தொண்ணூறுகளில் எரிபொருள் இல்லாத காலத்தில் இந்தக் குடாநாடு சைக்கிளில் ஓடியது. விறகு, அரிசி, நோயாளி எல்லாம் சைக்கிளில். கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் படகில் தாண்டியவர்கள் சைக்கிளையும் கூடவே ஏற்றினார்கள். மின்சாரமில்லாத வீடுகளில் சைக்கிளின் தைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். களைத்தவர் நின்றுவிடுவது அன்று அவமானமாக இருந்ததில்லை. வழியில் எந்த வீட்டுத் திண்ணையிலும் படுத்துவிட்டுப் போகலாம். இன்றைய ஓட்டத்திலும் விலகுவது அவமானமல்ல. சொல்லாமல் விலகுவதுதான் குற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பொறுப்பாக நின்ற ஒரு பயிற்சி ஓட்டத்தில் ஒரு தம்பி குடத்தனைக்கு அப்பால் செயின் அறுந்து, அந்த வழியால் வந்த உழவு இயந்திரத்தில் சைக்கிளோடு ஏறி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். கைபேசியில் சார்ஜ் இல்லை. பகல் இரண்டு மணியிலிருந்து இருட்டும்வரை பதினொரு பேர் அவனைத் தேடினோம். அந்தப் பதினொரு பேரும் பற்றைப் பக்கம் போகக்கூடிய நிலத்தில் தேடினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு படபடக்கிறது. அவன் வந்து அழுதான். பிழை அவனுடையது மட்டுமல்ல. எப்படி விலகவேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஆகவே, இலக்கத் தகட்டின் அடியில் கிழித்தெடுக்கக்கூடிய துண்டு ஒன்று இருக்கட்டும். விலகுகிறவர் அதைக் கிழித்து, அடுத்த தண்ணீர்ப்பந்தலிலோ கடைசிச் சைக்கிளில் வருகிறவர்களிடமோ கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். தானே போகமுடியாவிட்டால் கடந்துபோகிற வேறொரு ஓட்டக்காரரிடம் கொடுத்துவிடலாம். வாங்கியவர் அதைச் சேர்ப்பது கட்டாயம். ஒவ்வொரு பந்தலிலும் கடந்துபோன இலக்கங்களைத் தாளில் எழுதவேண்டும், கைபேசியை மட்டும் நம்பக்கூடாது. எல்லோருக்கும் பின்னால் கடைசிச் சைக்கிள் இரண்டு பேரோடு வரவேண்டும். அந்த இருவர் ஊர்த் தடம் தெரிந்தவர்களாக, நிதானமானவர்களாக இருக்கவேண்டும். புறப்பட்ட எண்ணிக்கையும், முடித்தவர், விலகியவர், நிறுத்தப்பட்டவர் கூட்டுத்தொகையும் ஒன்றாக வரும்வரை பரிசளிப்பைத் தொடங்கவேண்டாம். மேடையில் பிரமுகர் காத்திருந்தாலும்தான்.

முடிந்தபின் சைக்கிளை நன்னீரால் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். கடல் உப்பு ஓர் இரவில் துருப்பிடிக்க வைத்துவிடும். நீல நாடாக்களை அன்று பின்னேரமே கழற்றுங்கள். கட்டியவர்களே போய், கட்டிய எண்ணிக்கையை எண்ணிப் பார்த்துக் கழற்றவேண்டும். காற்று ஒன்றை அறுத்துப் பற்றைக்குள் கொண்டுபோயிருந்தால் அது அங்கேயே கிடக்கட்டும். ஒரு நாடாவுக்காக ஒருவரும் தடத்தை விட்டு இறங்கவேண்டாம்.